கூகுளில் ஏன் வரவில்லை? திருகோணமலை இணையத்தளங்கள் எந்தப் படியில் நிற்கின்றன

இணையத்தளம் போட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது. பெயரை அப்படியே தட்டினாலும் கூகுளில் வருவதில்லை. வருவதெல்லாம் அறை பதிவு செய்யும் பெரிய வெளிநாட்டுத் தளங்கள்தான். உப்புவெளியில் இருந்து நிலாவெளி வரைக்கும் விடுதி, படகுச் சேவை, உணவகம் நடத்துகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கோயில் சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் இதையே சொல்கின்றன. இதற்கு நடுவில் போனில் ஒரு குரல்: “மாதம் இவ்வளவு கட்டுங்கள், முதல் பக்கத்தில் முதலாவதாகக் கொண்டுவருகிறோம்.” போதாக்குறைக்கு, கூகுளே கேள்விக்கு மேலே பதிலை எழுதிக் காட்டத் தொடங்கிவிட்டது. இனி இணையத்தளம் எதற்கு என்றும் கேட்கிறார்கள்.

தேடல் முடிவில் ஒரு தளத்தைத் தெரியவைக்கும் வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். அதை மந்திரம் போல விற்கிறவர்களும் உண்டு, ஏமாற்று என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. தேடுபொறி ஒரு பக்கத்தைக் காட்டுவதற்கு முன் மூன்று படிகள் இருக்கின்றன. நம் ஊர்த் தளங்களில் பல, மூன்றாவது படிக்காகக் காசு கட்டிக்கொண்டு முதல் இரண்டு படிகளிலேயே சிக்கி நிற்கின்றன. எந்தப் படி என்று கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை.

## மூன்று படிகள்

பஸ் நிலையத்தில் இறங்கிய ஒருவர், “கடற்கரைப் பக்கம் நல்ல விடுதி ஒன்று சொல்லுங்கள் அண்ணை” என்று ஆட்டோக்காரரிடம் கேட்கிறார். ஆட்டோக்காரர் உங்கள் விடுதியைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த ஒழுங்கையால் அவர் ஒருமுறையாவது போயிருக்க வேண்டும். பெயர்ப்பலகையை வாசித்து மனதில் வைத்திருக்க வேண்டும். கேட்டவருக்கு அது பொருந்தும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். தேடுபொறியும் இதைத்தான் செய்கிறது.

1. கிரால். கூகுள்பாட் என்ற மென்பொருள் ஒரு பக்கத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. எந்த இணைப்பும் வந்து சேராத தளம் அதன் கண்ணில் படாமலே இருக்கலாம். அதற்குத்தான் தளத்தின் எல்லாப் பக்கங்களையும் பட்டியலிடும் சைட்மேப் என்ற கோப்பு.

2. இன்டெக்ஸ். கண்ட பக்கத்தை வாசித்து, என்ன மொழி, எதைப் பற்றியது, வேறு பக்கத்தின் நகலா என்று பார்த்து, தகுதி என்று பட்டால் தன் பெரிய அட்டவணையில் சேர்த்துக்கொள்கிறது. பார்த்த எல்லாவற்றையும் அது சேர்ப்பதில்லை. இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

3. ரேங்க். ஒருவர் தேடும் அந்தக் கணத்தில், அட்டவணையில் உள்ளவற்றில் எது முதலில், எது பத்தாவது என்று வரிசைப்படுத்துகிறது. தேடுகிறவர் எழுதிய சொல், அவர் இருக்கும் இடம், மொழி, பக்கத்தின் தரம், அந்தப் பக்கத்தை வேறு யார் யார் சுட்டுகிறார்கள் என்று பல சங்கதிகள் சேரும்.

1998இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் கொண்டுவந்த புதுமை மூன்றாவது படியில்தான் இருந்தது. பல நல்ல பக்கங்கள் சுட்டும் பக்கம் நல்லதாகத்தான் இருக்கும் என்ற அவர்களின் கணக்குக்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். இன்று அது பல கணக்குகளில் ஒன்று மட்டுமே. விளம்பரத்துக்குக் காசு கட்டினால் வருவது வேறு இடம். விளம்பரம் என்று காட்டும் ஓர் அடையாளத்துடன் தனியாக நிற்கும் அந்த வரிகளால் மற்ற வரிசை மாறாது.

## எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்பது

கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, ஒரு முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியைத் தட்டுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் இரண்டாவது படியைத் தாண்டிவிட்டீர்கள். ஒன்றுமே வராவிட்டால் கோளாறு முதல் இரண்டு படிகளில் இருக்க வாய்ப்பு அதிகம். இது தோராயமான சோதனை.

சரியான விடை வேண்டுமென்றால் கூகுள் சேர்ச் கன்சோல் வேண்டும். தளத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கருவி அது. இலவசம். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) அமைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அல்லது ஒரு சிறு கோப்பைத் தளத்தில் வைக்க வேண்டும். அதன் பிறகு எந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தாலும் அதன் நிலையைச் சொல்லும். அதில் வரும் இரண்டு நிலைகள் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு:

1. கண்டுபிடித்தது, இன்னும் இன்டெக்ஸ் செய்யவில்லை: அப்படி ஒரு பக்கம் இருப்பது கூகுளுக்குத் தெரியும், ஆனால் வந்து பார்க்கவில்லை. தளம் புதிது, அல்லது தளம் இருக்கும் சேர்வர் கணினி மெதுவாகப் பதில் சொல்கிறது, அல்லது அந்தப் பக்கத்துக்குத் தளத்துக்குள்ளேயே போதிய இணைப்பு இல்லை.

2. கிரால் செய்தது, இன்னும் இன்டெக்ஸ் செய்யவில்லை: வந்து பார்த்தது, பார்த்த பிறகும் எடுக்கவில்லை. பக்கத்தில் விஷயம் இல்லை, அல்லது வேறு இடத்தில் உள்ளதையே திருப்பிச் சொல்கிறது என்று பொருள் கொள்ளலாம். இதைத் தொழில்நுட்பத்தால் சரிசெய்ய முடியாது. எழுதித்தான் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு காரணம் மிகச் சின்னது. ஆனால் மாதக்கணக்கில் ஒரு தளத்தை மறைத்து வைத்துவிடும். வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் வேலை செய்யும்போது, வேலை முடியும் வரை யாரும் காணக்கூடாது என்று ஒரு பெட்டியில் சரி அடையாளம் இடுவார்கள். அமைப்புகளுக்குள் வாசிப்புப் பகுதியின் அடியில் இருக்கிறது அந்தப் பெட்டி: தேடுபொறிகள் இந்தத் தளத்தை இன்டெக்ஸ் செய்வதைத் தவிர்க்கும்படி கேட்பது. வேலை முடிந்து தளத்தை ஒப்படைக்கும்போது அதை எடுக்க மறந்துவிடுகிறார்கள். தளம் உங்கள் போனில் அழகாகத் திறக்கும். நண்பர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் திறக்கும். தேடுபொறிக்கு மட்டும் “சேர்க்காதே” என்ற கட்டளை போய்க்கொண்டே இருக்கும்.

அந்தக் கட்டளைக்குப் பெயர் நோஇன்டெக்ஸ். இதோடு பலர் குழப்பிக்கொள்வது ரோபோட்ஸ் கோப்பு. 1994 முதல் வழக்கத்தில் உள்ள இந்தக் கோப்பு, எந்தப் பக்கங்களுக்குள் வர வேண்டாம் என்று கிராலர்களிடம் சொல்கிறது. வர வேண்டாம் என்று சொல்வது வேறு, அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று சொல்வது வேறு. ரோபோட்ஸ் கோப்பில் தடுத்த பக்கத்தையும், வேறு தளங்கள் சுட்டினால், விளக்கம் இல்லாத வெறும் முகவரியாகக் கூகுள் காட்டக்கூடும். ஒரு பக்கத்தை மறைக்க நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால் வினையே வேறு. உள்ளே வரத் தடை இருப்பதால், உள்ளே எழுதியிருக்கும் நோஇன்டெக்ஸைக் கூகுள்பாட்டால் வாசிக்கவே முடியாது. மறைக்க வேண்டுமென்றால் வர விடுங்கள், வந்து அந்தக் கட்டளையை வாசிக்கட்டும்.

## எழுத்து எழுத்தாக இருக்கிறதா?

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எஸ்.இ.ஓ. வழிகாட்டிகளில் தேடினாலும் கிடைக்காது.

இலங்கையில் நீண்ட காலம் தமிழ் தட்டச்சு என்றால் பாமினி எழுத்துரு. அழைப்பிதழ், நோட்டீஸ், பத்திரிகைப் பக்கம் எல்லாம் அதில்தான். இன்றும் பல அச்சகங்கள் அதைத்தான் பாவிக்கின்றன. அதனால் ஆட்களும் அதிலேயே தட்டிப் பழகிவிட்டார்கள். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிவிடும் ஒரு வேடம். ‘திருகோணமலை’ என்று பாமினியில் தட்டும்போது கணினிக்குள் பதிவது ஜே, பி, யூ, என், எஃப், எச், இஸட், கே, ஐ, வை என்ற பத்து ஆங்கில எழுத்துகள். திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. தேடுபொறி எழுத்துருவைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எழுத்தைத்தான் பார்க்கிறது. அதற்கு அது எந்த மொழியிலும் இல்லாத உளறல். ‘திருகோணமலை’ என்று யார் தேடினாலும் அந்தப் பக்கம் வராது.

யூனிகோட் முறையில் தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. பாமினியில் உள்ள பழைய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் வாசித்துத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு கோயிலின் வரலாற்றை, ஒரு பாடசாலையின் நூற்றாண்டு மலரை இப்படி மாற்றி வைத்தால், கனடாவிலோ லண்டனிலோ இருந்து தேடும் பிள்ளைக்கு அது கிடைக்கும். மாற்றாவிட்டால் அது இணையத்தில் இருந்தும் இல்லாதது.

எழுத்து எழுத்தாக இல்லாத வேறு இடங்களையும் பார்க்க வேண்டும்:

1. படத்துக்குள் எழுத்து. திருவிழா நிகழ்ச்சி நிரல், அறை வாடகை, உணவுப் பட்டியல் எல்லாவற்றையும் போஸ்டர் செய்து படமாக ஏற்றிவிடுகிறார்கள். பார்க்க அழகு. தேடலுக்கு அதை நம்ப முடியாது. படம் இருக்கட்டும், அதே விஷயம் கீழே எழுத்தாகவும் இருக்க வேண்டும். படத்துக்கு ஒரு விளக்க வரி கொடுக்க இடம் உண்டு, அதையும் நிரப்புங்கள்.

2. ஸ்கேன் செய்த பிடிஎஃப். மலர், சங்க யாப்பு, ஆண்டறிக்கை எல்லாம் இப்படித்தான் கிடக்கின்றன. இதுவும் படம் போலத்தான்.

3. உருவம் ஒன்று, எழுத்து வேறு. பௌர்ணமி என்பதற்குப் பலர் ‘பெளர்ணமி’ என்று தட்டுகிறார்கள். முதலாவதில் இருப்பது ஒரே ஔகாரக் குறி. இரண்டாவதில் எகரக் குறியும் ‘ள’ என்ற தனி எழுத்தும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு வேறு சொல். தலைப்பில் இந்தப் பிழை இருந்தால் அந்தச் சொல்லுக்கு அந்தப் பக்கம் பின்னுக்குப் போகலாம். கௌரி, சௌந்தரம் என்று பெயர் வைத்த கடைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

4. பேஸ்புக் மட்டும். பல கடைகளுக்கு அதுதான் இணையத்தளம். பதிவு நாலு நாளில் கீழே போய்விடும். உள்ளே நுழைந்தால்தான் முழுதாக வாசிக்கலாம் என்ற தடை வேறு. ஊராருக்குச் செய்தி சொல்ல அது நல்ல இடம். தேடி வருகிறவருக்கு அது போதாது.

## மக்கள் என்ன சொல்லால் தேடுகிறார்கள்?

இந்த ஊருக்கு ஒரே பெயர் இல்லை. திருகோணமலை என்றும் திருக்கோணமலை என்றும் எழுதுகிறோம், பேச்சில் திருமலை. வெள்ளைக்காரர் வைத்தது ட்ரிங்கோமலி, இளைஞர் வாயில் ட்ரிங்கோ, சிங்களத்தில் திரிகுணாமலய. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் தேசியப் பூங்காவும் அப்படித்தான். ஊர்க்காரருக்குப் புறாமலை, கொழும்பில் இருந்து வரும் தமிழருக்குப் புறாத்தீவு, வெளிநாட்டவருக்குப் பிஜன் ஐலன்ட்.

எல்லாப் பெயரையும் பக்கத்தின் அடியில் கொட்டி வைத்தால் போதும் என்று முன்பு சொன்னார்கள். இப்போது அது எதிர்ப்பலன் தரும். கீவேர்ட்ஸ் என்ற மெட்டா குறியை, அதாவது பக்கத்துக்குள் பார்வையாளருக்குத் தெரியாமல் இருக்கும் சொற்பட்டியலை, இன்னமும் நிரப்பிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதை வரிசைப்படுத்தப் பாவிப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. பெயர்கள் வாக்கியத்துக்குள் இயல்பாக வர வேண்டும்: “திருமலை என்று நாங்கள் அழைக்கும் திருகோணமலை நகரில் இருந்து...” என்று ஓரிடத்தில் சொன்னால் போதும். ‘புறாமலை, வெளியூராருக்குப் புறாத்தீவு’ என்று ஒருமுறை எழுதினால் இரண்டு பேரும் வந்து சேர்வார்கள்.

சொல்லைவிடக் கேள்வி முக்கியம். ‘நிலாவெளி விடுதி’ என்ற சொல்லில் பெரிய பதிவுத் தளங்களை ஒரு சிறிய விடுதி முந்துவது மிகக் கடினம். ஆனால் வருகிறவர்கள் வேறு பலவற்றையும் கேட்கிறார்கள். டிசம்பரில் நிலாவெளிக் கடலில் குளிக்கலாமா? புறாமலைக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா, காலில் என்ன போட வேண்டும்? கன்னியாவில் ஏழு கிணறும் ஒரே சூடா? கோணேசர் கோயிலுக்குப் போகும்போது வாகனத்தை எங்கே விட வேண்டும், கோட்டை வாசலில் இருந்து எவ்வளவு நடை? வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கக் கடல் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவருக்கு மனப்பாடம். கொழும்பில் இருந்து எழுதும் பயணத் தளத்துக்கு அது தெரியாது. அப்படிப்பட்ட ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், நேர்மையான விடை, நீங்களே எடுத்த படம் என்று வைத்தால் அந்தப் பக்கத்துக்கு நல்ல வாய்ப்பு உண்டு. தேடல் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்குக் கூகுள் கொடுக்கும் வழிகாட்டியில், எழுதியவருக்கு நேரடி அனுபவம் இருக்கிறதா என்பதை 2022 டிசம்பரில் சேர்த்தார்கள். ஊர்க்காரருக்குச் சாதகமான மாற்றம் அது.

அந்தப் பக்கத்தின் தலைப்புக் குறியைப் பாருங்கள். தேடல் முடிவில் நீல நிறத்தில் வரும் வரி பெரும்பாலும் அதில் இருந்து வருகிறது. நம் ஊர்த் தளங்கள் பலவற்றில் அங்கே ‘முகப்பு’ என்றோ ‘நல்வரவு’ என்றோ இருக்கும். ஒரு படகுச் சேவையின் தளத்தில் “முகப்பு” என்று இருப்பதை “நிலாவெளியில் இருந்து புறாமலைக்குப் படகு: நேரம், கட்டணம், கடல் நிலை” என்று மாற்றிப் பாருங்கள். தேடுகிறவருக்கு அந்த ஒரு வரியிலேயே, தான் கேட்டது இங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கீழே வரும் விளக்க வரியால் இடம் மாறாது, ஆனால் ஆட்கள் சொடுக்குவதா வேண்டாமா என்பதை அது தீர்மானிக்கும். இரண்டையும் கூகுள் சில நேரம் தானே மாற்றி எழுதும்.

மூன்று மொழியிலும் பக்கம் வைப்பது இந்த மாவட்டத்துக்கு அவசியம் என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொடுத்து, இவை ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு என்று ஹெச்ரெஃப்லாங் என்ற குறியால் தெரிவிக்க வேண்டும். ஒரே பக்கத்தில் மூன்று மொழியையும் அடுக்கினால் தேடுபொறி எந்த மொழிக்காரருக்கு இதைக் காட்டுவது என்று தடுமாறும். இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தாமல் நூறு பக்கம் ஏற்றுவது வேண்டவே வேண்டாம். ஒரு மொழிக்கு ஐந்து நல்ல பக்கம் போதும்.

## போனும் வேகமும்

கூகுள் இப்போது தளத்தின் போன் வடிவத்தைத்தான் முதன்மையாக வாசிக்கிறது. பல ஆண்டுகளாக நடந்த இந்த மாற்றம் 2023இல் முடிந்தது. கணினியில் தெரியும் விஷயம் போனில் மறைந்திருந்தால் அதை இல்லாததாகவே எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் அசைவு காட்ட வேண்டும் என்பவை கூகுள் வைத்துள்ள அளவுகள். நடைமுறையில் இங்கே தாமதத்துக்கு வழக்கமான காரணம், போனில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றுவது. அதைச் சரிசெய்த பிறகு வேகத்துக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். விஷயம் இல்லாத பக்கம் வேகத்தால் மேலே வராது.

## வரைபடத்தில் வருவது தனிக் கணக்கு

‘பக்கத்தில் மருந்தகம்’, ‘திருமலை பேக்கரி’ என்று தேடினால் முதலில் வருவது வரைபடமும் மூன்று நான்கு கடைகளும். இவை இணையத்தளத்தில் இருந்து வருபவை அல்ல. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசப் பதிவில் இருந்து வருபவை. பொருத்தம், தூரம், பெயர் பெற்ற அளவு ஆகிய மூன்றையும் பார்த்து இந்த வரிசை அமைகிறது. தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டிலும் செய்ய நிறைய இருக்கிறது.

1. பெயர்ப்பலகையில் உள்ள பெயர் மட்டுமே பதிவில் இருக்க வேண்டும். ‘சிறந்த விடுதி திருகோணமலை மலிவு’ என்றெல்லாம் ஒட்டவைப்பது விதிமீறல், பதிவையே முடக்கிவிடலாம்.

2. வரைபடக் குறி சரியான வாசலில் இருக்கிறதா என்று நேரில் நின்று பாருங்கள். நிலாவெளி வீதியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் ஒன்றுபோல இருப்பவை. ஒரு ஒழுங்கை தள்ளிப் போனால் விருந்தாளி இரவில் அலைவார், அந்தக் கோபம் மதிப்புரையில் வரும்.

3. சீசன் இல்லாத மாதங்களில் பூட்டுகிறவர்கள் அதைப் பதிவில் குறிக்க வேண்டும். திறந்திருக்கிறது என்று நம்பி வந்தவர் பூட்டிய கதவைப் படம் எடுத்துப் போட்டால் அது நெடுநாள் நிற்கும்.

4. மதிப்புரைக்கு விலைக்கழிவோ பரிசோ கொடுக்கக்கூடாது. தங்கிப் போனவரிடம் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. எல்லா மதிப்புரைக்கும், குறை சொன்னதற்கும், மரியாதையாகப் பதில் எழுதுங்கள்.

ஒரு சிறு கடைக்கு இணையத்தளமே இல்லாவிட்டாலும் இந்தப் பதிவு இருந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் இதைச் செய்யுங்கள்.

## “முதலிடம் உறுதி” என்கிறவர்களிடம் கேட்க வேண்டியவை

முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது. உத்தரவாதம் தருகிறவர் இரண்டு வழியில் அதைக் காப்பாற்றுவார். யாருமே தேடாத ஒரு நீளச் சொற்றொடரில் முதலாவதாகக் காட்டுவார். அல்லது காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளைக் குவிப்பார். முதலாவதில் காசு மட்டும் போகும். இரண்டாவதில் தளமும் போகலாம். செயற்கை இணைப்புகளைக் குறிவைத்துக் கூகுள் 2012இல் கொண்டுவந்த பென்குயின் மாற்றம் பல தளங்களை ஒரே இரவில் கீழே தள்ளியது. 2024 மார்ச்சில், ஆளோ இயந்திரமோ யார் எழுதினாலும், தேடலை ஏமாற்றவென்று மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களையும் விதிமீறல் என்று அறிவித்தது.

சேவையே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நேரம் இல்லாதவர் ஒருவரை வைத்துச் செய்விக்கலாம். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. எங்கள் தளம் மூன்றில் எந்தப் படியில் நிற்கிறது? சேர்ச் கன்சோலைத் திறந்து காட்டுங்கள்.
2. இந்த மாதம் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றுவீர்கள்? எழுதித் தர முடியுமா?
3. இணைப்புகள் எங்கிருந்து வரும்?
4. டொமைன் யார் பெயரில் பதிவாகும்? சேர்ச் கன்சோலுக்கும் பிசினஸ் புரொஃபைலுக்கும் உரிமையாளர் யார்?

நான்காவது கேள்விதான் உயிர்நாடி. டொமைனைத் தம் பெயரில் பதிந்துகொண்டு, சண்டை வந்ததும் முகவரியையே கையில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. டொமைன் போய்விட்டால் அத்தனை ஆண்டு உழைப்பும், வேறு தளங்கள் கொடுத்த இணைப்புகளும் சேர்ந்தே போய்விடும். எந்த முகவரியாக இருந்தாலும் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கடவுச்சொல் உங்கள் கொப்பியில் இருக்க வேண்டும்.

## இயந்திரம் எழுதும் பதிலால் என்ன மாறுகிறது?

2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, பின்னர் உலகெங்கும் பரவியது ஏஐ ஓவர்வியூ. பல தளங்களை வாசித்து, தேடல் முடிவின் மேலே ஒரு பதிலை எழுதி, பக்கத்தில் சில இணைப்புகளை வைக்கிறது. விளைவு நேரடியானது: பதில் அங்கேயே கிடைப்பதால் சிலர் தளத்துக்கு வருவதில்லை. சேர்ச் கன்சோலில் காட்டப்பட்ட எண்ணிக்கை அப்படியே இருந்து, சொடுக்கு மட்டும் குறைந்திருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்தப் பக்கத்துக்கு இது அடி? ‘புறாத்தீவு எப்போது தேசியப் பூங்கா ஆனது’ என்ற மாதிரிக் கேள்விக்கு 2003 என்று ஒரு சொல்லில் விடை முடிந்துவிடும். அதற்காகவே எழுதிய பக்கத்துக்கு இனி வருகை குறையும். ஆனால் நாளைக் காலை படகு போகுமா, அறை இருக்கிறதா, தேர் எந்த வீதியால் வரும் என்பவற்றுக்கு ஆள் வந்துதான் ஆக வேண்டும். அந்த வகைப் பக்கங்களில் உழைப்பைப் போடுவதே சரி என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

தன் எழுத்தை இயந்திரம் எடுக்கக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தெளிவு தேவை. ரோபோட்ஸ் கோப்பில் கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுத்தால், ஜெமினி போன்ற கூகுளின் ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்க உங்கள் எழுத்தைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்கிறீர்கள். தேடலில் இடம் மாறாது, ஓவர்வியூவில் இருந்தும் அதனால் விலகமாட்டீர்கள். ஓவர்வியூவில் வராமல் இருக்க நோஸ்னிப்பெட் என்ற குறி இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் சாதாரண தேடல் முடிவில் வரும் விளக்க வரிகளும் போய்விடும். சிறிய தளங்களுக்கு அது கைப்பொருளை வீசுவது போலத்தான்.

## மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய பட்டியல்

சேர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் பதினாறு மாதத் தரவு இருக்கும். அதில் கேள்விகள் என்ற பகுதியைத் திறந்தால், மக்கள் தட்டிய சொற்கள், எத்தனை முறை உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரி இடம் எது என்று நான்கும் தெரியும். நிறையக் காட்டப்பட்டும் சொடுக்கு இல்லாத வரிகளை முதலில் பாருங்கள். சராசரி இடம் எட்டு முதல் பதினைந்துக்குள் இருந்தால் அந்தப் பக்கத்தில் விடை அரைகுறையாக இருக்கலாம், நிரப்புங்கள். இடம் மூன்று நான்காக இருந்தும் யாரும் வரவில்லை என்றால் தலைப்பு வரியைத் திருப்பி எழுதுங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு கேள்வி அந்தப் பட்டியலில் இருந்தால் அதற்குத் தனிப் பக்கம் போடுங்கள்.

செய்த மாற்றம் தேடலில் தெரிய சில மணி நேரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். இந்தக் கரையில் சீசன் ஏப்ரல், மே வாக்கில் தொடங்குகிறது. வருகிறவர்கள் அதற்கு முன்பே தேடத் தொடங்கிவிடுவார்கள். அதனால் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் ஏறி நிற்கும் டிசம்பர், ஜனவரியில் பக்கங்களைத் திருத்தி, புதிய கட்டணத்தை எழுத்தாக ஏற்றி, சேர்ச் கன்சோலில் அந்த முகவரிகளை இன்டெக்ஸுக்குக் கேட்டு வைத்துவிடுங்கள்.